பாஸ்தா வேகவைக்க வேறு வழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்தா பாக்கெட்டின் பின்புறத்தில் பெரும்பாலும் ஒரே குறிப்புதான் இருக்கும். பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்கட்டும், உப்பு போடுங்கள், பாஸ்தாவைப் போட்டு இத்தனை நிமிடம் கழித்து வடித்துவிடுங்கள். அந்த முறையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய பாத்திரம் இல்லாதவர்கள், ஒற்றை அடுப்பில் சமாளிப்பவர்கள், கெட்டில் மட்டும் வைத்திருக்கும் மாணவர்கள், கேஸை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் எல்லோரும் வேறு வழி கேட்கிறார்கள். இங்கே சொல்லும் முறைகளைப் பல வருடங்களாக என் அடுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் பாஸ்தா என்றால் டியூரம் கோதுமை ரவையில் செய்த காய்ந்த பாஸ்தா என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறையக் கொதிநீர் இல்லாமல் பாஸ்தா ஒழுங்காக வேகுமா?

நன்றாகவே வேகும். பாஸ்தா வேகும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, தண்ணீர் உள்ளே இறங்குவது. இன்னொன்று, ஊறிய மாவு சூட்டில் வேகுவது. முதல் வேலைக்குச் சூடே வேண்டாம். குளிர்ந்த தண்ணீரிலும் பாஸ்தா ஊறும், நேரம்தான் கூடும். இரண்டாவதுக்குத்தான் சூடு வேண்டும், அதுவும் 100 டிகிரி வரை போக வேண்டியதில்லை. கோதுமையின் ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸிலேயே தண்ணீரைக் குடித்து உப்பத் தொடங்குகிறது. 80 டிகிரியை நெருங்கும்போது மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதமும் இறுகிவிடுகிறது. கொதிநீரில் போட்டால் இரண்டும் சேர்ந்து நடக்கின்றன. தனித்தனியாகவும் நடத்தலாம். கீழே வரும் முறைகள் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன.

அப்படியானால் 100 கிராமுக்கு 1 லிட்டர் என்ற கணக்கு எதற்கு? தண்ணீர் நிறைய இருந்தால் பாஸ்தா போட்டதும் அடங்கிய கொதி சீக்கிரம் திரும்பும் என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. பாஸ்தா உறிஞ்சும் சூடு எந்தப் பாத்திரத்திலும் ஒன்றுதான், அடுப்பு கொடுக்கும் சூடும் ஒன்றுதான். அதனால் கொதி திரும்ப ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் வராது. நிறையத் தண்ணீரின் உண்மையான பலன் வேறு: பாஸ்தா மேலிருந்து கரையும் ஸ்டார்ச் நீர்த்துப்போகும், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நீந்தும், கிளறுவதை மறந்தாலும் பாதகமில்லை. பக்கத்தில் நின்று நாலு தடவை கிளற முடிந்தால் இந்தப் பலனுக்காக 4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை.

பச்சைத் தண்ணீரில் போட்டு ஆரம்பிக்கும் முறை எப்படி?

என் வீட்டில் வாரநாட்களில் இதுதான் நடக்கிறது. யாராவது ஒரே ஒரு முறையைக் கற்றுக்கொடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்லித்தருவேன்.

அகலமான, ஓரம் உயர்ந்த வாணலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 250 கிராம் பாஸ்தாவை அதில் பரப்பி, குழாய்த் தண்ணீர் 1 லிட்டர் ஊற்றி, உப்பு போட்டு, அடுப்பை முழுத் தீயில் வையுங்கள். ஸ்பாகெட்டியாக இருந்தால் உடைக்கவே வேண்டாம். உயரமான பாத்திரத்தில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பாகெட்டி, அகல வாணலியில் முழு நீளத்துக்குப் படுத்துக்கொள்ளும். முதல் சில நிமிடங்களில் இரண்டு மூன்று தடவை கிளறிவிடுங்கள். கொதி வந்ததும் தீயைக் கொஞ்சம் குறைத்து, பாக்கெட்டில் போட்ட நேரத்தில் பாதி கடந்ததுமே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்கத் தொடங்குங்கள். தண்ணீர் சூடாகும்போதே பாஸ்தா பாதி ஊறிவிடுவதால், பாக்கெட் நேரத்தை அப்படியே நம்பினால் குழைந்துவிடும்.

பச்சைத் தண்ணீரில் போட்டால் கட்டியாக ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்பார்கள். ஒட்டுவதற்குப் பசை வேண்டும். ஸ்டார்ச் பசையாக மாறுவதே சூடு ஏறிய பிறகுதான், அதற்கு முன் கிளறினால் மேல்மாவு தண்ணீரில் கழுவிக்கொண்டு போய்விடும். சரியாகச் சொன்னால், கொதிநீரில் கொட்டிவிட்டு முதல் நிமிடம் கிளறாமல் விடுவதுதான் அதிகமாக ஒட்டவைக்கும்.

அடுப்பருகே நின்று பார்த்தால் இது நன்றாகத் தெரியும். முதலில் தண்ணீர் லேசாகக் கலங்கும். வாணலியின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் ஏறும்போது ஸ்பாகெட்டி வளையத் தொடங்கும், கரண்டியால் தூக்கினால் நடுவில் தொய்ந்து தொங்கும். கொதி வந்து ஐந்தாறு நிமிடத்தில் தண்ணீர் பால் போல வெளுத்து, குமிழ்கள் உடையும் சத்தம்கூட மாறிவிடும். களகளவென்று கேட்டது இப்போது தொளதொளவென்று கனமாகக் கேட்கும். அந்தச் சத்தம் வந்ததும் நான் ருசி பார்க்க ஆரம்பிக்கிறேன்.

இதில் கிடைக்கும் பெரிய லாபம் அந்த வெளுத்த கஞ்சித் தண்ணீர். குறைந்த தண்ணீரில் வெந்ததால் அதில் ஸ்டார்ச் அடர்த்தியாக இருக்கும். வெண்ணெயையோ எண்ணெயையோ தண்ணீரோடு பிரியாமல் பிடித்துவைக்கும், சீஸ் திரியாமல் பார்த்துக்கொள்ளும். காச்சோ எ பெப்பே என்ற சீஸ், மிளகு பாஸ்தாவின் சாஸ் ஏன் அடிக்கடி கட்டிதட்டுகிறது என்று இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் ஆராய்ந்து 2025இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சீஸ் எடையில் 2 முதல் 3 சதவீதம் ஸ்டார்ச் இருந்தால் சாஸ் நிலைத்து நிற்கிறது என்பது அவர்கள் கண்டது. நாலு லிட்டரில் வேகவைத்த நீர்த்த தண்ணீரில் அவ்வளவு ஸ்டார்ச் கிடைப்பது கஷ்டம்.

இது புதிதாக யாரோ கிளப்பிய விஷயமும் இல்லை. உணவு அறிவியல் பற்றி எழுதும் ஹரால்ட் மெக்கீ 2009இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில், அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான பாஸ்தாவை ஒன்றரை லிட்டருக்கும் குறைவான தண்ணீரில், பச்சைத் தண்ணீரிலேயே தொடங்கி வேகவைத்ததை எழுதினார்.

எந்தப் பாஸ்தாவுக்கு இது சரிவராது?

முட்டை சேர்த்துப் பிசைந்த புதிய பாஸ்தாவுக்கு வேண்டாம். அதில் ஏற்கனவே ஈரம் இருக்கிறது, ஊற வேண்டியதில்லை. பச்சைத் தண்ணீரில் கிடந்தால் கரைந்து கூழாகும். கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போதும். அரிசி, சோளம் போன்றவற்றில் செய்த குளூட்டன் இல்லாத பாஸ்தாவும் அப்படித்தான்: உள்ளே பிடித்துவைக்கக் குளூட்டன் வலை இல்லாததால் ஊறும்போதே உதிரும். அதற்குப் பழைய முறையே நல்லது, நிறையத் தண்ணீர், நல்ல கொதி. மிக மெல்லிய ஏஞ்சல் ஹேர் வகை இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும் என்பதால் அதற்கும் இந்த முறையில் பதம் பிடிபடாது.

தண்ணீரைக் குறைத்தால் உப்பு எவ்வளவு?

வழக்கமான கணக்கு 1 லிட்டருக்கு 10 கிராம். வடித்துக் கொட்டும் முறைகளுக்கு அது சரி. ஆனால் கஞ்சித் தண்ணீரைச் சாஸில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் லிட்டருக்கு 7 கிராம் போதும், ஏனென்றால் சாஸ் சுண்டும்போது உப்பு ஏறும். வடிக்காமல் முழுத் தண்ணீரையும் பாஸ்தாவே குடித்துவிடும் முறைகளில் தண்ணீரை மறந்துவிட்டு பாஸ்தாவின் எடையைப் பாருங்கள்: 100 கிராமுக்கு 2 கிராம் உப்பு, அதாவது கால் டீஸ்பூனுக்குச் சற்று மேலே. சீஸோ ஆலிவோ சேர்க்கப் போகிறீர்கள் என்றால் அதையும் குறையுங்கள்.

உப்பு போட்டால் கொதிநிலை ஏறி சீக்கிரம் வேகும் என்பது உண்மையில்லை. லிட்டருக்கு 10 கிராம் போட்டால் கொதிநிலை கால் டிகிரிகூட ஏறாது. உப்பு ருசிக்குத்தான்.

எண்ணெய் விட்டால் ஒட்டாதாமே?

எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதக்கும், பாஸ்தா கீழே கிடக்கும். இரண்டும் சந்திப்பது வடிக்கும்போதுதான், அப்போது மேலே பூசிக்கொண்டு சாஸை வழுக்கிவிடும். ஒட்டாமல் இருக்கக் கிளறுங்கள். எண்ணெய்க்கு ஒரே ஒரு நல்ல வேலை உண்டு, நுரையை அடக்குவது. அது குக்கர் பற்றிச் சொல்லும்போது வரும்.

அடுப்பை அணைத்துவிட்டாலும் வேகும் என்கிறார்களே?

வேகும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, பாஸ்தாவைப் போட்டு, கிளறிக்கொண்டே 2 நிமிடம் கொதிக்கவிட்டு, இறுக்கமான மூடியால் மூடி அடுப்பை அணைத்துவிடுங்கள். பாக்கெட் நேரம் 10 நிமிடம் என்றால் போட்டதிலிருந்து 11 அல்லது 12 நிமிடம் கழித்துத் திறங்கள். நடுவில் திறந்து பார்க்காதீர்கள். தண்ணீர் 80 டிகிரிக்கு மேலேயே இருந்தால் வேலை நடக்கும், அதற்குக் கனமான அடியுள்ள பாத்திரமும் மூடியும் வேண்டும். மெல்லிய அலுமினியப் பாத்திரம் சீக்கிரம் ஆறிவிடும், மேலே தடித்த துணியைச் சுற்றினால் கொஞ்சம் தாங்கும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சுற்றுங்கள், எரியும் அடுப்பின் பக்கத்தில் வேண்டாம்.

2021இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான ஜார்ஜோ பாரிசி, 2022 செப்டம்பரில் இந்த முறையைப் பற்றிய குறிப்பைச் சமூக வலைத்தளத்தில் பகிர்ந்தார். ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறியிருந்த நேரம் அது. இத்தாலியில் பெரிய விவாதமே கிளம்பியது. சமையல் கலைஞர்கள் சிலர் பாஸ்தா ரப்பராகிவிடும் என்று கோபப்பட்டார்கள். என் அனுபவத்தில் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஸ்பாகெட்டி, சின்ன மக்ரோனி நன்றாக வருகின்றன. ரிகடோனி மாதிரி தடித்த வகைகளில் மேல்புறம் வழுவழுத்து நடுவில் மாவு நிற்கிறது. தடித்ததற்கு 2 நிமிடத்துக்குப் பதில் 4 நிமிடம் கொதிக்கவிட்டு அணைத்தால் அந்தக் குறை பெரும்பாலும் போய்விடுகிறது.

முன்கூட்டியே ஊறவைத்து வைக்கலாமா?

விருந்தாளிகள் வரும் நாளுக்கு இது கைகொடுக்கும். ஸ்பாகெட்டியை நிறையக் குளிர்ந்த தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் ஊறவையுங்கள். மஞ்சள் நிறம் வெளுத்து, விரலில் சுற்றினால் உடையாமல் வளையும். பிறகு வடித்துவிட்டு, கொதிக்கும் நீரிலோ தளர்வான சாஸிலோ போட்டால் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். குழாய் வடிவ பென்னே மாதிரி தடித்த வகைக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

தண்ணீர் குளிர்ந்ததாகவே இருக்கட்டும். வெதுவெதுப்பாக இருந்தால் மேல்மாவு கசிந்து பிசுபிசுக்கும். ஊறிய பாஸ்தாவை முரட்டுத்தனமாகக் கிளறவும் கூடாது. ஒரு முறை இரவே ஊறப்போட்டுவிட்டுக் காலையில் எடுத்தேன். கையில் எடுத்த இடத்திலெல்லாம் ஸ்பாகெட்டி துண்டு துண்டாக ஒடிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் தண்ணீரை வடித்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இதில் ஒன்றை இழக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியர்கள் அல் டென்டே என்று சொல்வது பல்லுக்குத் தட்டுப்படும் பதத்தை. வெளியே வெந்து, நடுவில் இம்மி அளவு உறுதி இருக்க வேண்டும். ஊறவைத்த பாஸ்தாவில் உள்ளும் புறமும் ஒரே அளவு ஈரம் ஏறிவிடுவதால் அந்த அடுக்கு கிடைக்காது. எல்லாம் ஒரே மாதிரி மென்மையாக இருக்கும். ஓவனில் சுடும் பாஸ்தாவுக்கு அது குறையே இல்லை. பூண்டு, எண்ணெய் மட்டும் போட்ட எளிய ஸ்பாகெட்டிக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

சாஸோடு சேர்த்து ஒரே பாத்திரத்தில் வேகவைப்பது?

இத்தாலியில் இதற்கு ரிசொத்தாத்தா என்று பெயரே உண்டு. ரிசொத்தோ என்ற இத்தாலிய அரிசி உணவைச் செய்வது போல, சூடான தண்ணீரையோ காய்கறி வேகவைத்த ரசத்தையோ கரண்டி கரண்டியாக ஊற்றிப் பாஸ்தாவைச் சாஸிலேயே வேகவைப்பது. வெங்காயம், பூண்டு வதக்கி, பாஸ்தாவைப் போட்டு ஒரு நிமிடம் எண்ணெயில் புரட்டி, மூழ்கும் அளவுக்குச் சூடான தண்ணீர் ஊற்றி, வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே போங்கள். 100 கிராமுக்கு மொத்தம் 250 முதல் 300 மில்லி பிடிக்கும்.

தக்காளியை எப்போது சேர்ப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கெட்டியான தக்காளிச் சாஸில் நேராகப் பாஸ்தாவைப் போட்டால் அரை மணி நேரம் ஆனாலும் நடுவில் வேகாமல் கடினமாகவே இருக்கும். புளிப்பு ஸ்டார்ச் மென்மையாவதைத் தாமதப்படுத்துகிறது, கெட்டிச் சாஸில் பாஸ்தா குடிக்கத் தண்ணீரும் போதாது. முதலில் தண்ணீரில் முக்கால் பதம் வேகட்டும், அப்புறம் தக்காளியைச் சேருங்கள். முதலிலேயே சேர்க்க வேண்டுமென்றால் சாஸை ரசம் போல நீர்க்கக் கரைத்துக்கொள்ளுங்கள்.

இதே முறையின் இன்னொரு எல்லை, தென் இத்தாலியின் பாரி நகரத்து ஸ்பாகெட்டி அல்லாசாசீனா. காய்ந்த ஸ்பாகெட்டியை இரும்பு வாணலியில் மிளகாய் எண்ணெயில் அடுக்கி, தக்காளி கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அடிப்பிடித்து முறுகும் வரை விட்டுப் பிறகு புரட்டுவார்கள். ஸ்பெயினின் வலென்சியா பக்கத்து ஃபிதேயுவாவிலும் சின்ன சேமியா போன்ற பாஸ்தாவை எண்ணெயில் சிவக்க வறுத்து, மீன் வேகவைத்த சாற்றை ஊற்றி, கிளறாமல் அகன்ற தட்டு வாணலியில் வற்றவிடுகிறார்கள். காய்ந்த பாஸ்தாவை வறுத்துவிட்டு வேகவைப்பதை வேறு எந்தச் சாஸுக்கும் நீங்கள் செய்யலாம். பொன்னிறமாகும்போது வரும் வாசனை வறுத்த கொட்டைகளின் வாசனையை ஒத்திருக்கும், குழைவதும் குறைகிறது.

பிரஷர் குக்கரில் வைக்கலாமா?

வைக்கலாம், கவனமாக. 250 கிராமுக்கு 600 மில்லி தண்ணீர், பாஸ்தா மூழ்கினால் போதும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் விடுங்கள். இங்கேதான் அதற்கு வேலை. குக்கரில் பாதிக்கு மேல் எதுவும் நிரம்பக் கூடாது. பாக்கெட் நேரத்தில் பாதியை எடுத்து அதிலிருந்து ஒரு நிமிடம் கழியுங்கள்: 10 நிமிடப் பாஸ்தாவுக்கு, ஆவி முழுதாக ஏறியதிலிருந்து 4 நிமிடம். ஸ்பாகெட்டியை இரண்டாக ஒடித்து, கட்டாகப் போடாமல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள், இல்லையென்றால் விறகுக் கட்டு மாதிரி ஒட்டி நிற்கும்.

எண்ணெய் விடாமல், முக்கால் அளவு நிரப்பி, மக்ரோனி வைத்து ஒரு நாள் நான் மாட்டிக்கொண்டேன். ஆவி வெளியேறும் வழியில் ஸ்டார்ச் நுரை ஏறி, வெயிட்டைத் தூக்கியதும் சுவர் வரை பீய்ச்சியடித்தது. கையில் படவில்லை, அவ்வளவுதான். அந்த நுரை வால்வை அடைத்துவிடவும் கூடும், அதனால்தான் குக்கர் கையேடுகள் பலவற்றில் பாஸ்தாவுக்குத் தனி எச்சரிக்கை இருக்கிறது. அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விட்டு, ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அந்த இரண்டு நிமிடத்திலும் பாஸ்தா வெந்துகொண்டுதான் இருக்கும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வெயிட்டையும் வால்வையும் கழுவிவிடுங்கள். காய்ந்த ஸ்டார்ச் கல்லாகிவிடும்.

மைக்ரோவேவில்?

ஒருவருக்கு மட்டும் செய்யும்போது நல்ல வழி. 100 கிராம் பாஸ்தாவை ஆழமான கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, பாஸ்தாவுக்கு மேலே நாலைந்து சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்படி ஊற்றுங்கள். கிண்ணத்தில் பாதியாவது காலியாக இருக்கட்டும், கட்டாயம் பொங்கும். மூட வேண்டாம். முழு சக்தியில் பாக்கெட் நேரத்தோடு 3 அல்லது 4 நிமிடம் கூட்டி வையுங்கள், நடுவில் ஒரு தடவை கிளறுங்கள். வெளியே எடுக்கும்போது கிண்ணமே தீயாகச் சுடும்.

ஓவனில் பச்சைப் பாஸ்தாவையே வைத்துச் சுட முடியுமா?

முடியும். முன்னாடியே வேகவைப்பது தேவையில்லாத வேலை என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் இரண்டு தடவை வெந்த பாஸ்தா பெரும்பாலும் குழைந்துதான் போகும். 300 கிராம் பென்னேவுக்குச் சாஸும் தண்ணீரும் சேர்ந்து 900 மில்லி. கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள், ஓவன் அதைச் சூடாக்கவே இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளாமல் இருக்கும். துண்டுகள் எல்லாம் மூழ்கியிருக்க வேண்டும், மேலே நீட்டிக்கொண்டிருப்பது வேகாமல் காய்ந்து முறுகும். ஃபாயிலால் இறுக்க மூடி 200 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம், அப்புறம் ஃபாயிலை எடுத்துச் சீஸ் தூவி இன்னும் 10 நிமிடம். எடுத்தவுடன் தண்ணியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் ஆறவிட்டால் இழுத்துக்கொள்ளும்.

சாஸோடு அடுக்கடுக்காக வைத்துச் சுடும் லசானியாவின் பாஸ்தாத் தகடுகளிலும் இதே கதைதான். வேகவைக்கத் தேவையில்லை என்று எழுதிய தகடு மெல்லியதாக இருக்கும். சாதாரணத் தகடாக இருந்தால் சூடான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து அடுக்குங்கள், அல்லது சாஸை நீர்க்க விடுங்கள்.

ரைஸ் குக்கர், ஸ்லோ குக்கர், ஏர் ஃப்ரையர்?

ரைஸ் குக்கர் நல்லது. 100 கிராமுக்கு 250 மில்லி தண்ணீர், உப்பு, ஒரு கிளறல். தண்ணீர் வற்றி அடி 100 டிகிரியைத் தாண்டியதும் அதுவே நின்றுவிடும். நிற்பதற்கு முன்பே திறந்து பதம் பாருங்கள். ஸ்லோ குக்கரில் மணிக்கணக்கில் கிடந்தால் கூழ்தான். சாஸை அதில் செய்துவிட்டுக் கடைசி அரை மணி நேரத்தில் பாஸ்தாவைச் சேருங்கள். ஏர் ஃப்ரையர் காற்றால் சுடுவது, தண்ணீர் கிடையாது. காய்ந்த பாஸ்தா அதில் வேகாது. வெந்ததை எண்ணெயும் சீஸ் தூளும் புரட்டி 200 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் மொறுமொறுவென்று கொறிக்க வரும்.

அடுப்பே இல்லை, கெட்டில் மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

கெட்டிலுக்குள் பாஸ்தாவைப் போடாதீர்கள். ஸ்டார்ச் அடியில் கருகும், நுரை மூடி வழியாகப் பொங்கும். வாய் அகன்ற வெற்றிடப் பிளாஸ்க் ஒன்று இருந்தால் போதும். முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் பிளாஸ்க்கைச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். இதைத் தவிர்த்தால் முறை முழுதும் கெட்டுவிடும், குளிர்ந்த உள்சுவர் முதல் நிமிடத்திலேயே சூட்டைத் தின்றுவிடும். பிறகு சின்ன மக்ரோனியையோ ஒடித்த மெல்லிய ஸ்பாகெட்டியையோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகப் போட்டு, புதிதாகக் கொதித்த தண்ணீரை ஊற்றி, உப்பு போட்டு, மூடிக் கவிழ்த்து ஒரு குலுக்குக் குலுக்குங்கள். பாக்கெட் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு கழித்துத் திறந்து பாருங்கள். காலையில் போட்டுவிட்டு மதியம் சாப்பிடலாம் என்று விட்டுவைக்க வேண்டாம், அதற்குள் குழைந்துவிடும்.

ஆவியில் வேகவைக்கலாமா?

காய்ந்த பாஸ்தாவை நேராக ஆவியில் வைத்தால் மேலே ஈரப்பட்டு உள்ளே மாவாகவே நிற்கும். தன் எடைக்கு மேல் தண்ணீர் குடிக்க வேண்டிய பண்டத்துக்கு ஆவியிலிருந்து அவ்வளவு தண்ணீர் கிடைக்காது. ஊறவைத்த பிறகு வைத்தால் வேகும். அல்ஜீரியாவில் ரெஷ்தா என்ற மெல்லிய புதிய நூடுல்ஸை ஆவியில்தான் வேகவைக்கிறார்கள்.

சமையல் சோடா போட்டால் ஜப்பானிய ராமென் நூடுல்ஸ் மாதிரி ஆகுமாமே?

ஏறக்குறைய. காரத்தன்மை உள்ள தண்ணீரில் பாஸ்தா மஞ்சளாகி, இழுத்தால் மீள்வது போல ஒரு துள்ளல் வரும். 1 லிட்டருக்கு 2 டீஸ்பூன் போதும், கூடினால் சோப்பு ருசி. மெல்லிய ஸ்பாகெட்டிக்குத்தான் பொருந்தும். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும், நுரை வேகமாக எழும். இந்தத் தண்ணீரைச் சாஸில் சேர்க்காதீர்கள்.

உயரமான மலைப்பகுதியில் ஏன் வேகவே மாட்டேன் என்கிறது?

ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி இறங்கும். 1,500 மீட்டரில் 95, 3,000 மீட்டரில் 90. பாஸ்தா வேகும், நேரம் பிடிக்கும், அதற்குள் மேல்புறம் வழுவழுத்துவிடும். அங்கே குக்கர்தான் சிறந்தது. இல்லையென்றால் ஊறவைத்துவிட்டு வேகவையுங்கள். அணைத்துவிட்டு வேகவைக்கும் முறை அங்கே சரிவராது.

உண்மையில் எவ்வளவு எரிபொருள் மிச்சமாகும்?

20 டிகிரியில் இருக்கும் 4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க மட்டும் 0.37 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு வேண்டும். 1 லிட்டருக்கு 0.09. பாத்திரத்திலும் காற்றிலும் போகும் சூட்டையும் சேர்த்தால் நடைமுறையில் இரண்டுமே கூடும். ஆக, தண்ணீரைக் குறைப்பதுதான் முதல் மிச்சம், மூடி போடுவது அடுத்தது. அடுப்பை முன்னதாக அணைப்பதெல்லாம் அப்புறம்தான்.

பதம் வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

சுவரில் எறிந்து பார்ப்பதை விடுங்கள். ஒட்டுகிறது என்றால் மேலே பசை வந்துவிட்டது என்று மட்டும்தான் தெரியும். ஒரு பென்னேவை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். சுவரின் நடுவில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு வளையமாகத் தெரியும். கோடு தடிமனாக இருந்தால் அரைவேக்காடு. முடி அளவு மெல்லியதாக, விட்டுவிட்டுத் தெரிந்தால் எடுத்துச் சாஸில் போட்டுவிடுங்கள், மீதி ஒரு நிமிடம் அங்கே வேகட்டும். கோடே இல்லை என்றால் இப்போதே தட்டில் போடுங்கள். எந்த முறையில் வேகவைத்தாலும் இந்தக் கோடு பொய் சொல்லாது, ஊறவைத்ததில் மட்டும் தெரியாது; அதைக் கடித்துத்தான் பார்க்க வேண்டும்.

மிச்சமானதை என்ன செய்வது?

இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெந்த பாஸ்தா அறைச்சூட்டில் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகலாம். அது உண்டாக்கும் ஒரு நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது, அதனால் கொதிக்கவைத்துச் சாப்பிட்டால் போகும் என்று நினைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்ததை மறுநாள் எடுக்கும்போது கொதிநீரில் அரை நிமிடம் முக்கி எடுத்தால் உதிரியாகிவிடும். எண்ணெயில் முறுகப் புரட்டினால் எனக்கு இன்னும் பிடிக்கும்.